லேக்லாந்தில் காட்டுப்புறா

பிப்ரவரி கடைசியில் டெட்ராய்ட்டில் விடியற்காலை விமானம் பிடிக்க வேண்டுமென்றால் முதல் வேலை, கார் கண்ணாடியில் உறைந்து கிடக்கும் ஐஸைச் சுரண்டுவது. சுரண்டி முடித்துக் கை மரத்துப்போய்க் கிளம்பினேன். தடிக் கோட்டைக் காரிலேயே போட்டுவிட்டு, ஒற்றைச் சட்டையோடு டெர்மினலுக்குள் ஓடினேன். மூன்று மணி நேரத்துக்குள் ஃபுளோரிடாவின் டாம்பா. வெளியே வந்ததும் முகத்தில் பட்ட காற்றில் ஈரமும் உப்பும் இருந்தன. திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி இருந்தது.

மிச்சிகனுக்கு வந்து 26 வருஷம் ஆகிறது. ஸ்பிரிங் டிரெயினிங் பார்க்கப் போனது இந்த 2025-இல்தான் முதல் தடவை. பேஸ்பால் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பனிக்காலத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 30 அணிகளும் பிப்ரவரி நடுவில் வெயில் ஊர்களுக்கு வந்து கூடும். 15 அணிகள் அரிசோனாவுக்கு, 15 அணிகள் ஃபுளோரிடாவுக்கு. பிட்சர்களும் கேட்சர்களும்தான் முதலில் வந்து சேருவார்கள். பந்து எறியும் தோள் பழைய நிலைக்கு வர நாளாகும், எறிவதைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமே. மற்றவர்கள் சில நாள் கழித்து மெதுவாக வருவார்கள். மார்ச் கடைசி வரை ஆட்டம் தினமும் உண்டு, ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தக் கணக்கிலும் சேராது.

கணக்கில் சேராத ஆட்டத்துக்கு லீவு போட்டு விமானம் ஏறுவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் 1999-இல் இருக்கிறது.

அந்த ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு வந்து இறங்கினேன். ஆபீசுக்குப் போக நான் வாங்கிய பழைய காரில் கேசட் பெட்டி வேலை செய்யாது, ஏ.எம். ரேடியோ மட்டும்தான் பாடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் வரும்போது பேஸ்பால் வர்ணனை சொல்லும் ஒரு வயதானவரின் குரல். நிதானமான தெற்கத்திப் பேச்சு. ஆபீசில் மற்றவர்கள் பேசுவதில் பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவர் பேசியது மட்டும் முழுசாகப் புரிந்தது, ஆட்டம்தான் புரியவில்லை. நான் பாளையங்கோட்டைக்காரன். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன். ஆட்டம் தெரியாத என் ஆச்சிகூட அந்தத் தமிழுக்காகப் பக்கத்தில் வந்து உட்காருவாள். டெட்ராய்ட் காரில் நான் ஆச்சியாகிப் போனேன்.

அந்தக் குரல் எர்னி ஹார்வெல். ஜார்ஜியா மாநிலத்துக்காரர். சின்ன வயதில் பேச்சு திக்கி, அதற்கென்று பயிற்சி எடுத்துத் தேறியவர். 1948-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் வர்ணனையாளர் ரெட் பார்பர் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது, அட்லாண்டாவில் இருந்த ஹார்வெலை அங்கே கேட்டார்கள். அட்லாண்டா அணிக்கு அப்போது ஒரு கேட்சர் தேவைப்பட்டார். கிளிஃப் டாப்பர் என்ற கேட்சரைக் கொடுத்து ஹார்வெலை வாங்கிக்கொண்டார்கள். வீரருக்கு மாற்றாக வர்ணனையாளர் கைமாறியது பேஸ்பால் வரலாற்றிலேயே அந்த ஒரு தடவைதான். 1960-இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு வந்து, நடுவில் 1992 ஒரு வருஷம் தவிர, 2002 வரை 42 சீசன்கள். 1991-ஓடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஊர் கொதித்தது, 1993-இல் திரும்ப வந்துவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஃபவுல் பந்து, அதாவது கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து, பார்வையாளர் பக்கம் போய் யாராவது பிடித்தால், "அதைப் பிடித்தவர் இப்சிலாண்டிக்காரர்" என்பார். அடுத்த பந்து லிவோனியாக்காரருக்கு, அதற்கடுத்தது சாகினாக்காரருக்கு. முதல் சீசன் முழுக்க நான் இதை அப்படியே நம்பினேன். இத்தனை ஆயிரம் பேரில் யார் எந்த ஊர் என்று இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிகிறது? டிக்கெட் வாங்கும்போதே ஊரை எழுதிக்கொள்கிறார்களோ? ஆபீசில் ஒருவரிடம் கேட்டேவிட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எல்லாம் வாய்க்கு வந்த ஊர்தானாம். ஆனால் மிச்சிகன் வரைபடத்தில் எனக்குத் தெரிந்த பாதி ஊர்களை அந்த ஃபவுல் பந்துகள்தான் அறிமுகப்படுத்தின. மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். அந்த மூன்றாவது ஸ்டிரைக்கை மட்டையைத் தூக்காமல் விட்டுவிட்டவனை, ரோட்டோரத்து வீடு மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பார். இன்றைக்கும் மீட்டிங்கில் யாராவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வரும்.

இனி, டைகர்ஸ் ஸ்பிரிங் டிரெயினிங்குக்கு வரும் ஃபுளோரிடா ஊரான லேக்லாந்துக்கு என்னை இழுத்த விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஸ்பிரிங் டிரெயினிங்கின் முதல் ஒலிபரப்பை ஹார்வெல் பைபிளின் உன்னதப்பாட்டிலிருந்து சில வரிகளைச் சொல்லித்தான் தொடங்குவார். குளிர்காலம் போயிற்று, மழை ஓய்ந்தது, பூக்கள் தெரிகின்றன என்று போகும். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அது. கடைசியில் 'டர்ட்டிலின் குரல்' நம் நாட்டில் கேட்கிறது என்று முடியும். முதல் தடவை கேட்டபோது வெளியே முழங்கால் உயரப் பனி, ஹீட்டர் முழு வேகத்தில். எனக்கு ஒரே குழப்பம். ஆமை எங்கே கத்தும்?

ஊருக்குப் போன் போட்டபோதும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பொறி தட்டியது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில் அக்கா கல்யாணத்தன்று ஐயர் வாசித்த வசனம் இது! (எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) "இதோ, மாரிகாலம் சென்றது, மழைபெய்து ஓய்ந்தது" என்று ஆரம்பித்து, "காட்டுப்புறாவின் சத்தம் நமது தேசத்தில் கேட்கப்படுகிறது" என்று வரும். ஆமையும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் புறா என்று பொருள். அமெரிக்காக்காரர்களிலேயே பல பேர் ஆமை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தமிழ் வேதாகமம் அந்த வேலையை எப்போதோ முடித்துவைத்துவிட்டது.

டாம்பாவிலிருந்து நாலாம் நம்பர் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் லேக்லாந்து. பேரில் ஒரு ஏரிதான், ஊருக்குள் எங்கே திரும்பினாலும் ஏரி. நடு ஊரில் உள்ள மார்ட்டன் ஏரியில் அன்னங்கள் மிதக்கின்றன. 1957-இல் எலிசபெத் ராணி கொடுத்த ஜோடியில் தொடங்கிய வம்சமாம். நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்னம் அழகுதான், ஆனால் ஆட்டம் 1:05-க்கு.

டைகர்ஸ் 1934 முதல் இந்த ஊருக்கு வருகிறார்கள், உலகப்போர் வருஷங்கள் தவிர. மைதானம் இருக்கும் இடம் போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம். பழைய விமானக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. ஸ்டேடியம் 1966-இல் வந்தது. ஊர்ப் பூங்காத் துறையில் வேலை பார்த்த ஜோக்கர் மார்ச்சண்ட் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். டெட்ராய்ட் மைதானத்தில் மலைமேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பார்த்த எனக்கு இது தெருக்கோடி மைதானமாகத் தெரிந்தது. ஆட்டக்காரன் எச்சில் துப்பும் சத்தம்கூடக் கேட்கிறது. இடது பக்கம் புல்மேடு, அதில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்துப் படுத்துக்கொண்டு வெயில் காய்கிறார்கள். வெயில் காய்வதற்குக் காசு கொடுத்து வந்தவர்கள். எனக்கோ பதினைந்து நிமிஷத்தில் கழுத்து எரிந்தது.

பையில் ஹார்வெல் காலத்து டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மைதானத்தில் உட்கார்ந்து வர்ணனை கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷத்து ஆசை. முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஸ்பானிஷ் பாட்டு, ஒரு பக்கம் பிரசங்கம், மீதி கரகரப்பு. மிச்சிகன் ஸ்டேஷன் ஃபுளோரிடாவில் எப்படி எடுக்கும்? இதைக்கூட யோசிக்காமல் வந்திருக்கிறேன். கடைசியில் போனில் ஒரு ஆப்புக்குப் பணம் கட்டி, காதில் மாட்டினேன்.

அங்கேதான் வேடிக்கை. ஒலி அரை நிமிஷம் பிந்தி வருகிறது. கண் முன்னால் ஒருவன் அவுட் ஆகி, ஹெல்மெட்டைக் கழற்றி, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். காதில் அவன் இன்னும் மட்டையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான், நம்பிக்கையோடு.

பக்கத்து இருக்கையில் எண்பதைத் தொடும் ஒருவர். மடியில் ஸ்கோர்கார்டு, காதில் பென்சில். எந்த ஊர் என்று கேட்டேன். சாகினா என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார், விளக்கம் தேவைப்படவில்லை. வருஷா வருஷம் ஜனவரியில் காரோட்டி இங்கே வந்து, ஏப்ரலில்தான் திரும்புவாராம். அவர் ஸ்கோர்கார்டைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. அழித்து அழித்துத் தாள் கிழியும் நிலை. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், ஆரம்பத்தில் இறங்கும் பெரிய ஆட்டக்காரர்கள் மூன்று, நாலு இன்னிங்ஸில் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் வருகிறவர்களுக்கு முதுகில் 80, 90 என்று நம்பர். இன்றைக்கு ஒரு நாளுக்கென்று பக்கத்துப் பயிற்சி மைதானத்திலிருந்து கூட்டி வந்த பையன்களுக்கு முதுகில் பேரே இல்லை. ஏழாவது இன்னிங்ஸில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் மாறினார்கள். பெரியவர் பென்சிலை மடியில் போட்டுவிட்டார்.

நான் மேலே வர்ணனைப் பெட்டியை அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் மட்டும் தெரிந்தன. சீசன் நடுவில் வர்ணிப்பது கஷ்டம் என்பார்கள், எனக்கென்னவோ இதுதான் கஷ்டமாகப் படுகிறது. யார் என்றே தெரியாத பையன், ஜெயித்தாலும் பயனில்லாத ஆட்டம், கேட்பவனோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பனிக்குள். அவனுக்கு ஸ்கோர் வேண்டாம். அங்கே வெயிலடிக்கிறது, பந்து மட்டையில் பட்டால் டொக்கென்கிறது என்று யாராவது சொன்னால் போதும். இப்போது டைகர்ஸின் ரேடியோ குரல் டான் டிக்கர்சன். 2000-இல் ஹார்வெலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியை ஏற்றவர். நல்ல குரல், ஹோம் ரன் வந்தால் நமக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் இவருக்குக் காலம் குறைவு. 2023-இல் பிட்ச் கிளாக் வந்துவிட்டது. பேஸ்களில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் அடுத்த பந்தை எறியத் தொடங்கியாக வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய ஆட்டம் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், மறுநாள் ஆபீஸ் உண்டே. ஆனால் ஹார்வெல் இரண்டு பந்துக்கு நடுவில் சும்மா இருப்பார் பாருங்கள், கூட்டத்தின் இரைச்சலும் கடலைக்காரன் கூவலும் மட்டும் கேட்கும்படி, அந்த இடம் போய்விட்டது. அதை எந்த ரூல் புத்தகத்திலும் எழுதிச் சேர்க்க முடியாது.

மில்வாக்கிக்காரர்கள் இந்த வருஷம் இன்னும் பாவம். 1971-லிருந்து 54 சீசன் அவர்களுக்கு ரேடியோவில் ஆட்டம் சொல்லிவந்த பாப் யூக்கர் ஜனவரி 16-இல் போய்விட்டார், 90 வயது. எனக்கு அது பழைய வலி. 2010 மே மாதம் ஹார்வெல் இறந்தபோது டெட்ராய்ட் மைதானத்திலேயே உடலை வைத்திருந்தார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வேலை முடிந்து வந்த யூனிஃபார்மோடு பலர் நின்ற அந்த வரிசையில் நானும் நின்றேன். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் மட்டையின் விளிம்பில் பட்ட ஒரு பந்து பின்னால் சுழன்று எங்கள் பக்கம் வந்தது. சாகினாக்காரர் கையை நீட்டினார். விரலில் பட்டுத் தெறித்து, இரண்டு வரிசை தள்ளி ஒரு பையன் காலடியில் உருண்டது. அரை நிமிஷம் கழித்து என் காதில் அதே பந்து வந்தது, பின்னால் போன வெறும் ஃபவுல். யார் பிடித்தது, எந்த ஊர் என்று ஒன்றுமில்லை. காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, சாகினாக்காரர் கோட்டைவிட்டார் என்று அவரிடமே சொன்னேன். விரலைத் தேய்த்துக்கொண்டே, பையன் இப்சிலாண்டியாக இருப்பான் என்றார்.

அப்போது மனைவியிடமிருந்து போன். "ஏங்க, ஐஸ் சுரண்டுறத எங்க வச்சீங்க? காரே தெரியல."

"என் கார்ல கெடக்கு. ஏர்போர்ட்ல."

"நல்லா வச்சீங்க. சரி, அங்க யாரு ஜெயிக்கா?"

ஸ்கோர் போர்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த சீசனில் எதிர்பார்ப்பு கூடிப்போயிருக்கிறது. போன வருஷம் டைகர்ஸ் 2014-க்குப் பிறகு முதல் முறையாக, சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃப் போனார்கள். பிட்சர் டாரிக் ஸ்கூபல் 18 ஆட்டம் ஜெயித்து, 228 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்து, முதலிடத்து வாக்கு ஒன்றுகூடப் பிசகாமல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். மார்ச் 27-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறார்கள், அதுவும் சாம்பியன் டாட்ஜர்ஸோடு. அடி வாங்கத்தான் போகிறார்கள் என்று சாகினாக்காரர் சொன்னார். அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அத்தனை தைரியமில்லை. 162 ஆட்டத்தில் ஸ்கூபல் முப்பது சொச்சம்தான் எறிய முடியும், மீதிக்கு யார்?

ஏப்ரல் 4 டெட்ராய்ட்டில் முதல் ஆட்டம். அன்றைக்குப் பாதி ஊர் ஆபீசுக்கு வராது. நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட் மட்டும் வாங்கவில்லை. கராஜ் கதவைத் திறந்துபோட்டு, நாற்காலியைப் போட்டு, அந்த டிரான்சிஸ்டரில் கேட்பதாகத் திட்டம். சொந்த ஊர் ஸ்டேஷன், எடுக்காமல் எங்கே போகும். பேட்டரி இரண்டு வாங்க வேண்டும்.