எடைச் சீட்டில் தமிழ்த் தலைப்பு: படத்தை அரேயாக்கி சிப்புக்குள் வைப்பது

சேலத்தைச் சுற்றியுள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கிழங்கு லோடு இறங்கும்போது எடைமேடையில் ஒரு சீட்டு தேவை: வண்டி எண், மொத்த எடை, காலி எடை, நிகர எடை, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு). எண்களை எந்தத் தெர்மல் பிரிண்டரும் அடித்துவிடும். தமிழில்தான் சிக்கல். மலிவான 58 மி.மீ. பிரிண்டர்களுக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்துகளை ஏற்றிவிட்டாலும் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட அதற்குத் தெரியாது. ஆகவே ஆலைப் பெயர் போல மாறாத வரிகளைக் கம்ப்யூட்டரிலேயே படமாக்கி, அந்தப் படத்தின் பைட்டுகளை அரேயாக (எண்களின் வரிசைப் பட்டியலாக), பிரிண்டரை இயக்கும் சிப்பின் புரோகிராமுக்குள் வைப்பதுதான் சுலபம். எண்களைப் பிரிண்டரின் சொந்த எழுத்துருவுக்கே விட்டுவிடலாம்.

முதலில் கணக்கு. 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ.; மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் வரிசைக்கு 48 பைட். தலைப்பின் உயரம் 96 புள்ளி, அதாவது 12 மி.மீ., என்று வைத்தால் மொத்தம் 4608 பைட். இந்த எண்ணை மறக்க வேண்டாம், கடைசிவரை வரும்.

கிம்ப் என்ற பட மென்பொருளில் 384 × 96 அளவில் எழுதி, இண்டெக்ஸ்டு மோடில் ஒரு பிட் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். டிதரிங் (சாம்பல் நிறத்தைச் சிதறிய புள்ளிகளால் காட்டுவது) வேண்டவே வேண்டாம். எழுத்தின் ஓரமெல்லாம் மணல் தூவியது போலாகிவிடும். தடித்த எழுத்துரு, 24 பிக்சலுக்குக் குறையாமல். அதைவிடச் சிறிதாகப் போனால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், ‘கிழங்கு’ ‘கிழஙகு’ ஆகிவிடும்.

சேமிக்க பிபிஎம் வடிவம் (பி4 வகை) நல்லது. அதில் 1 என்றால் கறுப்பு, பைட்டின் உயர் பிட் (மதிப்பு அதிகமான பிட்) இடப்பக்கம். பிரிண்டர் எதிர்பார்ப்பதும் அதேதான். பிஎம்பி வடிவத்தில் வரிசைகள் பொதுவாகக் கீழிருந்து மேலாக இருக்கும். எக்ஸ்பிஎம் (XBM) ஏற்கெனவே சி மொழி அரேயாகவே சேமிக்கும் வடிவம் என்பதால் பலரும் அதை எடுப்பார்கள். ஆனால் அதில் தாழ் பிட்தான் இடப்பக்கம். அதை அப்படியே அனுப்பினால் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலப் பட்டையும் தனித்தனியாக இடவலம் புரண்டு அச்சாகும். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ் மாதிரி தெரியும், கிட்டப் போனால் ஒரு எழுத்தும் ஓடாது. இந்தக் கோளாறைத் தாளில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் பார்த்த உடனே அடையாளம் தெரியும். ஏற்காட்டு எஸ்டேட் மழைமானிக்கு ஓஎல்இடி திரை வைப்பவர்களுக்கும் இதே பாடம்தான்: யூ8ஜி2 நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) எக்ஸ்பிஎம் வரையும் ஃபங்ஷனுக்குத் தாழ் பிட் முதலில், அடாஃப்ரூட் நூலகத்தின் பிட்மேப் ஃபங்ஷனுக்கு உயர் பிட் முதலில்.

பிபிஎம் கோப்பின் தலையில் வகையும் அளவும் எழுத்தாக இருக்கும், குறைந்தது 10 பைட். அதை வெட்டாமல் அனுப்பினால் படம் 80 புள்ளி, அதாவது சரியாக 1 செ.மீ., வலப்பக்கம் நகரும். வலது ஓரத்தில் மிஞ்சியது அடுத்த வரிசையின் இடது ஓரத்தில் வந்து ஒட்டும். மிச்சம் 10 பைட் படத்துக்குக் கீழே குப்பை எழுத்தாக விழும். கிம்ப் தன் பெயரைக் குறிப்பு வரியாக வேறு சேர்க்கும் என்பதால், முன்னால் எவ்வளவு வெட்டுவது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் கோப்பின் கடைசி 4608 பைட்டை எடுங்கள். லினக்ஸில் டெயில் கட்டளை போதும்.

அரேயாக மாற்றுவது ஒரு வரி வேலை. விம் எடிட்டரோடு வரும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையை ‘மைனஸ் ஐ’ சேர்த்து ஓட்டினால் வரிக்கு 12 பைட் வீதம் 384 வரியில் அரேயும், கடைசியில் நீளத்துக்கு ஒரு மாறியும் கிடைக்கும். கோப்புப் பெயரை நேரடியாகக் கொடுங்கள். பைப் வழியாக (வேறொரு கட்டளையின் வெளியீடாக) கொடுத்தால் வெறும் எண்கள்தான் வரும், அரேயின் பெயரும் நீளமும் வராது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று அடிக்கோடு விழும். ‘தலைப்பு’ என்ற பெயர் 21 அடிக்கோடாகிவிடும். விண்டோஸில் பழைய பவர்ஷெல்லின் ‘>’ குறியால் சேமித்தால் கோப்பு யூடிஎஃப்-16 ஆகி, கம்பைலர் முதல் வரியிலேயே முரண்டு பிடிக்கும்.

எக்ஸ்எக்ஸ்டி ‘கான்ஸ்ட்’ (மாறாதது என்று குறிக்கும் சொல்) போடாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சிப் இஎஸ்பி32 என்றால் அது மட்டும் போதும், அரே புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் போதாது. அதன் ராம் 2048 பைட். ஃபிளாஷிலேயே வை என்று சொல்லும் ‘புரோக்மெம்’ சேர்க்காவிட்டால் கான்ஸ்ட் அரேயும் ராமுக்குத்தான் ஏறும். 4608 பைட்டுக்கு இடமில்லை என்று கம்பைல் செய்யும்போதே பிழை வந்துவிடும், அது நல்லதுதான். ஆபத்தானது 32 புள்ளி உயரத் தலைப்பு: 1536 பைட். அது கம்பைல் ஆகும், ஓடவும் செய்யும். மிச்சம் 512 பைட்டில் ஸ்டாக்கும் (ஃபங்ஷன்கள் ஓடும்போது எடுக்கும் தற்காலிக இடம்) சீரியல் பஃபரும் முட்டிக்கொண்டு, எட்டாவது லோடிலோ பத்தாவது லோடிலோ காரணமே இல்லாமல் நின்றுபோகும். புரோக்மெம் போட்ட பின் ‘பிஜிஎம் ரீட் பைட்’ கொண்டுதான் படிக்க வேண்டும். நேராகப் படித்தால் அதே முகவரியில் ராமில் கிடப்பதை எடுத்து அச்சடிக்கும்.

அனுப்பும்போது முதலில் எட்டு பைட் கட்டளை: 29, 118, 48, 0, 48, 0, 96, 0. ஐந்தாவதாக வரும் 48 வரிசைக்கான பைட், ஏழாவதாக வரும் 96 வரிசைகளின் எண்ணிக்கை. பின்னால் 4608 பைட்டும் குறையாமல் போக வேண்டும். குறைந்தால் பிரிண்டர் காத்திருந்து, அடுத்து வரும் வண்டி எண்ணையும் படமென்று விழுங்கிவிடும். எழுத்துச் சரமாக பிரிண்ட் ஃபங்ஷனில் கொடுத்தால் முதல் பூஜ்யத்திலேயே நின்றுவிடும், வெள்ளை இடமெல்லாம் பூஜ்யம்தானே. நீளத்தோடு ரைட் ஃபங்ஷனில் கொடுங்கள். ஊனோவில் ஒவ்வொரு பைட்டாகப் படித்து அனுப்புங்கள். வேகம் விநாடிக்கு 9600 பிட் (ஒரு பைட்டுக்கு 10 பிட் போகும்) என்றால் தலைப்புக்கு மட்டும் 4.8 விநாடி, லாரி வரிசையில் நிற்கும்போது அது நீளம். பிரிண்டர் ஏற்றால் 115200 வையுங்கள், 0.4 விநாடியில் முடியும்.

மெகாபைட் கணக்கில் கோப்பு இருந்தால் இந்த வழி வேண்டாம். ஒவ்வொரு பைட்டும் மூலக்கோப்பில் ஆறு எழுத்தாக வீங்கி, கம்பைலர் திணறும். கோப்பை நேரடியாக உள்ளே இழுக்கும் அசெம்பிளரின் ‘இன்க்பின்’ அல்லது சி23-இன் ‘எம்பெட்’ எடுத்துக்கொள்ளலாம். பின்னது ஜிசிசி 15, கிளாங் 19 கம்பைலர்கள் முதல் உண்டு.

சந்தேகம் வந்தால் 4608 பைட்டையும் கூட்டிப் பாருங்கள், கம்ப்யூட்டரில் ஒருமுறை, சிப்பில் ஒருமுறை. கூட்டுத்தொகை ஒத்துப்போனால் அரேயில் குற்றமில்லை. பிட் வரிசையையும் பிரிண்டர் வயரையும் பாருங்கள்.