எக்ஸ்2 மில்லிங் மெஷினுக்கு 7206 பேரிங் போட்டாயிற்று

எக்ஸ்2 என்ற என் சின்ன மில்லிங் மெஷினில் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) ஆட்டம் ஒருவழியாக நின்றது. நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்து ஸ்பிண்டிலை மேலும் கீழும் நெம்பினால் முன்பு முள் 0.05 மி.மீ. வரை ஓடும். இப்போது ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. அலுமினியத்தில் எண்ட் மில் (வெட்டும் கருவி) போன தடம் பளபளவென்று வருகிறது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து வருவது 6206 என்ற சாதாரணப் பந்து பேரிங். அதே 30×62×16 மி.மீ. (துளை, வெளி விட்டம், தடிமன்) அளவில்தான் 7206 ஆங்குலர் காண்டாக்டும் (பந்துகள் சாய்வாகத் தொடும் வகை) கிடைக்கிறது. பேரிங் உட்காரும் ஹவுசிங்கைத் தொடவே வேண்டாம். பந்துக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள 30206 டேப்பர் ரோலரையும் சிலர் போடுகிறார்கள். அது 17.25 மி.மீ. தடிமன், சூடும் அதிகம். எனக்குப் பிடிக்கவில்லை.

கழற்றுகிற கதையை விடுகிறேன். அடித்து இறக்கும்போது அடி முழுக்கப் பந்துகள் வழியாகத்தான் போகும், அதனால் பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் பொறுமையைச் சோதித்தது மேல் பேரிங் உட்காரும் இடம். ப்ரீலோடு (ஆட்டம் போக முன்கூட்டியே தரும் அழுத்தம்) வைக்க மேலே நட்டை இறுக்குகிறோம், இன்னர் ரேஸ் (பேரிங்கின் உள்வளையம்) கீழே இறங்குகிறது. கூடிப்போனால் நட்டைத் தளர்த்துகிறோம். ஆனால் ரேஸ் ஸ்பிண்டிலைக் கவ்விப் பிடித்திருந்தால் நட்டு மட்டும்தான் மேலே வரும், ரேஸ் அசையாது, இறுக்கம் அப்படியே நிற்கும். அது தெரியாமல் ஓட்டினால் ஸ்பிண்டில் இருக்கும் ஹெட் கொதிக்கும். எனவே ஸ்பிண்டிலை லேத்தில் மெதுவாகச் சுழலவிட்டு, எண்ணெய் தொட்ட 600 வாட்டர் பேப்பரால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, துடைப்பது, ஆறவிட்டு மைக்ரோமீட்டர் வைப்பது, பேரிங்கைப் போட்டுப் பார்ப்பது. கட்டை விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், பக்கவாட்டில் துளியும் ஆடக் கூடாது. எடுத்தது 0.01 மி.மீ.க்கும் குறைவு. அந்த விரல் அழுத்தம் கைக்குப் பிடிபட்டதும் மற்றதெல்லாம் சுலபம்.

மாட்டும்போது இரண்டு பேரிங்கிலும் அவுட்டர் ரேஸின் (வெளிவளையம்) தடித்த விளிம்பு உள்பக்கம் பார்க்க வேண்டும். கிரீஸ் உள்ளிருக்கும் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நட்டைத் துளித்துளியாக இறுக்கி, 1000 ஆர்பிஎம்மில் அரை மணி ஓட்டி, ஹெட்டில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.

கோவையில் பேரிங் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, போலிகளுக்கும்தான். பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். எஸ்கேஎஃப் பெட்டியாக இருந்தால் அவர்களுடைய ஆதென்டிகேட் ஆப்பில் படம் எடுத்து அனுப்பிக் கேட்கலாம். 7206 என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பந்து தொடும் கோணம் 40 டிகிரி உள்ள பி வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். 2500 ஆர்பிஎம் ஓடும் மெஷினுக்கு அது தாராளம்.

இவை மூடியில்லாத பேரிங்குகள். சீவல் உள்ளே போகாமல் கீழே ஒரு நைலான் வளையம் கடைய வேண்டும். ஹெட்டை இன்னும் டிராம் பண்ணவில்லை (மேசைக்குச் சரியான செங்குத்தில் நிறுத்தவில்லை). அதற்குள் மனசு பெல்ட் டிரைவுக்குப் போய்விட்டது: ஸ்பிண்டிலைச் சுழற்றும் பிளாஸ்டிக் கியரின் இரைச்சல் இப்போதுதான் தனியாகக் காதில் விழுகிறது. புல்லிக்கு அலுமினியத் துண்டு வாங்கி வைத்துவிட்டேன்.