42-ம் நாள் வரை

ஹூஸ்டனில் பிரசவமான இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார் சீட்டில் குழந்தையைச் சரியாக உட்கார வைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு நர்ஸ் வாசல் வரை வந்தார். எனக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆறு வாரம் கழித்து. அம்மாவுக்கு விசா நேர்காணலுக்கே தேதி கிடைக்கவில்லை. வீட்டில் நான், கணவர், கூகுள்.

எட்டாம் நாள் தலைவலி. தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று காபி போட்டுக் குடித்தேன் (ஏற்காட்டுக் காபிதான், பெட்டியில் துணியைக் குறைத்து அதைத்தான் அடைத்திருந்தேன்). இரவு ஒன்பது மணிக்குச் சித்தி வீடியோவில் வந்தார். அங்கே காலை ஏழரை.

"பாப்பாவ அப்புறம் காட்டு கண்ணு, உன் மூஞ்சியக் காட்டு. கண்ணு மங்கலாத் தெரியுதா? கால் வீங்கியிருக்கா? பிரஷர் எப்பப் பார்த்தே?"

பார்க்கவேயில்லை. அவசரப் பிரிவுக்குப் போனபோது 168/112. கர்ப்ப காலத்தில் வரும் அந்த ரத்த அழுத்தக் கோளாறு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம், வலிப்பு வரை கொண்டுபோகலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வலிப்பைத் தடுக்க ஒரு நாள் முழுக்க மெக்னீசியம் சல்பேட் ஏறியது.

சித்தி டாக்டர் இல்லை. சேர்வராயன் மலையில் ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலையூர்களிலும் பழங்குடி ஊர்களிலும்தான். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். எடை, காய்ச்சல், தொப்புள், தாய்க்கு ரத்தப்போக்கு எல்லாம். எனக்கு ஹூஸ்டனில் டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே 42-ம் நாள்தான். நடுவில் வரும் ஐந்து நாட்களுக்குத்தான் அங்கே ஆள் இல்லை.

ஆள் இல்லை என்று சொல்வதும் சரியில்லை. பக்கத்து பிளாட் ஹோண்டுராஸ்காரப் பெண்ணைப் பார்க்க ஒருவர் வருவார். அங்கத்து ஆஷா மாதிரி, தெரு மக்களுக்கான சுகாதாரப் பணியாளர்; ஸ்பானிய மொழியில் 'புரோமொத்தோரா' என்கிறார்கள். டெக்சாஸில் 160 மணி நேரப் பயிற்சி முடித்தால் அரசே சான்றிதழ் தருகிறது. யாரிடம் கார் இல்லை, யார் இன்சுலினைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் கதை கேட்டதும் மறுநாளே பிரஷர் மெஷினோடு வந்துவிட்டார். நாலு மாதம் வந்தார், அப்புறம் காணோம். விசாரித்தால், அவர் வேலை பார்த்த திட்டத்தின் மானியம் முடிந்துவிட்டதாம். 2024-லிருந்து மெடிகேர் இந்த மாதிரி வேலைக்குப் பணம் தருகிறது. ஆனால் அது பெரும்பாலும் வயதானவர்களுக்கான காப்பீடு. ஒரு தெருவே கதவைத் திறந்துவிடும் அளவுக்குப் பழகிய ஆளை, காசு தீர்ந்தது என்று அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் புது ஆளை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை.

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தியோடு ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி, வழியெல்லாம் வழுக்கல். அந்த வீட்டில் 21-ம் நாள். சித்தி உள்ளே நுழையும்போதே குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு மாமியார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அந்த நம்பிக்கைக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது.

திரும்பும்போது மானியம் முடிந்து நின்றுபோன அந்த ஹூஸ்டன் புரோமொத்தோரா அம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

"அங்கயுமா?" என்றார் சித்தி. இவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, ஊக்கத்தொகைதான். அந்த ஆறு நடைக்கும் சேர்த்து மத்தியத் திட்டத்தில் 250 ரூபாய். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்த செய்தியை இன்னும் போனில் வைத்திருக்கிறார்.

"அந்தம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"கடையில வேலைக்குப் போறாங்க சித்தி."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம் நோட்டைப் பிரித்து, "அடுத்த செவ்வா 28-ம் நாள். ஜீப்புக்குச் சொல்லி வெக்கணும்" என்றார்.