மலைமேல் ஆட்டோகிளேவ்

ஊட்டிக்குக் குடிவந்தவர்கள் முதல் வாரத்திலேயே பருப்பு வேகவில்லை என்று புலம்புவார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டுப் பழகிக்கொள்கிறோம். ஆய்வகத்தில் நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவும் பெரிய குக்கர்தான் என்பது மட்டும் மறந்துபோகிறது.

கிருமி வளர்த்த தட்டுகளைக் குப்பைக்கு அனுப்புமுன் பையில் போட்டு 121 டிகிரியில் அவிக்க வேண்டும். '15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம்' என்று மனப்பாடம் செய்திருப்போம். அது கடல்மட்டக் கணக்கு. வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் எவ்வளவு அதிகம் என்பதைத்தான் கேஜ் காட்டும். இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய கால்பங்கு குறைவு. முள் 15-ல் நின்றாலும் உள்ளே 117 டிகிரிதான். 121 வர வேண்டுமானால் முள் 19-ஐ நெருங்க வேண்டும். அதற்காக உடனே ஏற்றிவிடவும் கூடாது. கலம் எவ்வளவு தாங்கும், சேஃப்டி வால்வு எதில் திறக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்காதென்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் வழி: 121-ல் 15 நிமிடத்தில் முடிவது 117-ல் ஏறத்தாழ 40 நிமிடம் பிடிக்கும். அதுவும் பையின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட்ட பிறகு எண்ண வேண்டிய நேரம்.

அடுத்த வில்லங்கம் காற்று. வால்வைத் திறந்துவைத்து, நீராவி ஐந்து நிமிடமாவது விடாமல் சீறிய பிறகே மூட வேண்டும். காற்று தங்கினால் அழுத்தம் ஏறும், சூடு ஏறாது. பையின் வாயை இறுக்கிக் கட்டித் திணித்தாலும் இதே கதி. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், வாயைத் தளரவிட்டு, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் நீராவி நடுவரை போகும். பையில் ஒட்டிய, சூட்டில் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டதே என்பார்கள். பையின் வெளிப்புறம் சூடேறியதற்கு அது சாட்சி. நடுவில் கிடந்த தட்டைப் பற்றி அதற்குத் தெரியாது.

மரபணு மாற்ற ஆய்வுகளைக் கவனிக்க 1989 விதிகளின்படி அந்த ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு உண்டு. விண்ணப்பங்களைப் படிப்பதிலேயே கூட்டத்தின் நேரம் போய்விடும். லாக் புத்தகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே மையில் '15 பவுண்டு' என்று இருந்தால், அது ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதியது! அழுத்தத்தோடு வெப்பநிலைக்கும் தனிப் பத்தி வேண்டும்.

உண்மையைச் சொல்வது ஸ்போர் குப்பிதான்; சூட்டில் எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள், அதாவது ஸ்போர்கள், அதில் இருக்கும். பையின் நடுவில் வைத்து அவித்து, 55 முதல் 60 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். பெரும்பாலான குப்பிகளில் ஊதா மஞ்சளானால் ஸ்போர் பிழைத்திருக்கிறது, அவித்தது போதவில்லை. ஊதாவாகவே இருந்தால் தேறியது. ஆனால் ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து இரவெல்லாம் கரண்ட் இல்லாவிட்டால், இன்குபேட்டர் குளிர்ந்து, உயிரோடுள்ள ஸ்போரும் முளைக்காது. குப்பி ஊதாவாகவே நிற்கும். அதனால் அவிக்காத குப்பி ஒன்றையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அது மஞ்சளாகவில்லை என்றால் அன்றைய சோதனை செல்லாது, பை மறுபடியும் ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டும்.