கிளிமஞ்சாரோ சரிவில் ஒரு கோழித் துணை

தன்னார்வ ஆசிரியராகத் தான்சானியாவுக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் சிங்கத்தைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். சாயங்காலம் ஏழு மணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மோஷி நகருக்கு மேலே, கிளிமஞ்சாரோ சரிவில், வாழையும் காப்பியும் கலந்து நிற்கும் ஒரு கிராமம். அங்கே உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். அப்போது நம்மூரில் ஒன்பதரை. நான் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு போனை எடுப்பதற்குள் அம்மா தூங்கியிருப்பார். பேச ஆளில்லாமல் குக்கரோடு தமிழில் பேச ஆரம்பித்தேன். அது பதிலுக்கு விசிலாவது அடித்தது.

பகலில் நிலைமை நேர் எதிர். பள்ளிக்குப் பத்து நிமிட நடைதான், ஆனால் போய்ச் சேர அரை மணி ஆகும். எதிரே வருகிற ஒவ்வொருவரும் நின்று காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று வரிசையாக விசாரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'ந்ஸூரி', அதாவது நலம் என்றே சொல்ல வேண்டும். காய்ச்சல் அடித்தாலும் முதலில் நலம், அப்புறம்தான் காய்ச்சல். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' சொல்லி வணங்குவது வழக்கம். ஒரு நாள் நல்ல கனத்த மீசைக்காரர் ஒருவர் எனக்கு ஷிகாமோ சொல்லிவிட்டார். அன்று ராத்திரி கண்ணாடி முன் நரைமுடி தேடியதில் பொழுது போனது.

வகுப்பு தனிக் கதை. தொடக்கப் பள்ளியில் ஏழு வருடம் சுவாஹிலியில் படித்த பிள்ளைகள், உயர்நிலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். என் ஆங்கிலமோ தூத்துக்குடி ஆங்கிலம். "புரிகிறதா?" என்றால் மொத்த வகுப்பும் "யெஸ் சார்". "என்ன புரிந்தது?" என்றால் அதற்கும் "யெஸ் சார்". லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தை மரத்தில் தொங்கவிட்டு, கம்பியால் அடிப்பதுதான் பள்ளி மணி. அது மட்டும் எல்லாருக்கும் உடனே புரியும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் ராத்திரியில் தனியாக இருப்பது பொறுக்கவில்லை. தனியாக இருக்கிறவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் வீட்டில் சண்டை போட்டவன் என்பது அவர் கணக்கு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று வேறு கேட்டார். (இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி நான் கடல் தாண்டியதே.) மறுநாளிலிருந்து தன் மகனை என் வீட்டில் உட்கார்ந்து படிக்க அனுப்பிவிட்டார். வாசலில் நின்று "ஹோடி!" என்று குரல் கொடுப்பான். "கரிபு" என்றதும் உள்ளே வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் சமைப்பதை வேடிக்கை பார்ப்பான். முதல் நாள் கடுகு வெடித்ததில் வாசல் வரை ஓடினான். அடுத்து பெருங்காயம். விடிந்ததும், சார் ராத்திரியில் ஏதோ மருந்து காய்ச்சிக் குடிக்கிறார் என்று பள்ளி முழுக்கச் செய்தி. இரண்டு ஆசிரியர்கள் "போலே" என்று அனுதாபமே தெரிவித்துவிட்டார்கள். ரசம் சார், வெறும் ரசம்!

மின்சாரத்துக்கு அங்கே முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். கட்டியதும் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் தட்டினால்தான் விளக்கு எரியும். தீர்ந்துபோவது எப்போதும் ராத்திரியில்தான். பையன் டார்ச் பிடித்து எண்ணை ஆங்கிலத்தில் வாசிக்க, நான் தட்டுவேன். அவனுக்கு ஆங்கில எண்கள் சரளமானது இப்படித்தான். நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஜூன் விடுமுறையில் அவன் பாட்டி வீட்டுக்குக் கிளம்பினான். எனக்குத் துணை போய்விட்டதே என்று அந்த அம்மா உயிரோடு ஒரு கோழியைக் கொண்டுவந்து நீட்டினார். துணைக்கா, குழம்புக்கா என்று கேட்கும் அளவுக்கு என் சுவாஹிலி தேறவில்லை. நான் சைவம் வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிப்போட்டு மக்காச்சோளம் போட்டேன். "இன்னும் சாப்பிடவில்லையா?" என்று ஊரே கேட்டது. கோழி அதைப் பற்றிக் கவலைப்படாமல், திருத்தாத விடைத்தாள் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து முட்டையிட ஆரம்பித்தது.

இப்போது பையன் திரும்பிவிட்டான். கோழி அவன் வீட்டுடையது, ஆகவே முட்டையும் தனக்குத்தான் என்கிறான். சோளம் என்னுடையது என்கிறேன் நான். ஆனால் முட்டை சாப்பிடாத ஆள் எவ்வளவு நேரம்தான் வாதாட முடியும்?