சோதித்தறிய வேண்டிய வார்த்தைகள்: ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்தபின் எங்கள் சபைச் சகோதரி ஒருவர் தம் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் காட்டினார். ஆறு மாதங்களுக்கு முன் ஜெபக்கூட்டம் ஒன்றில் வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் அவருடைய தலையில் கைவைத்து, "உன் கணவர் பிப்ரவரி முடிவதற்குள் பூரண சுகமாவார் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று கூறியிருந்தார். அன்றைக்கே எழுதிய அந்த வரியின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருக்கின்றன. விரல் பட்டுப்பட்டு மை மங்கியிருக்கிறது. அந்த வார்த்தையை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி கடந்துவிட்டது. ஊழியரைத் தொலைபேசியில் கேட்டபோது, வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது என்று பதில் வந்ததாம். "என் விசுவாசம் அவ்வளவு குறைவா, அக்கா?" என்று அவர் கேட்டார். என்னால் உடனே பேச முடியவில்லை.

மார்ச் 4, திங்கள்

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் ஆகியோர் உங்களுக்குள் இருக்கவேண்டாம் என்கிற பகுதியை நாம் வெளியே இருப்பவர்களைச் சுட்டிக்காட்டவே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அதே அதிகாரம் கர்த்தரின் நாமத்தைச் சொல்லிக்கொண்டு பேசுகிறவனைப் பற்றிய எச்சரிப்போடு முடிகிறது என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? அவன் சொன்னது நடவாமல் போனால், அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவன் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம் என்கிறது 22-ஆம் வசனம். பொய்த்துப்போன வார்த்தையின் பாரத்தை வேதம் சொன்னவன்மேல் சுமத்துகிறது. கேட்டவளுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இதைத்தான் அந்தச் சகோதரியிடம் நான் முதலில் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

சொன்னது பலித்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வி இன்று முழுவதும் என்னை விடவில்லை. சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அதைச் சொன்னவன் வேறே தேவர்களிடம் இழுத்தால் செவிகொடாதே என்று உபாகமம் 13 சொல்லுகிறது. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி பிடித்திருந்த அந்தப் பெண், பவுலையும் அவரோடிருந்தவர்களையும் பற்றிக் கூவிச் சொன்ன செய்தி உண்மையானதே. ஆனாலும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். அவளுடைய எஜமான்களுக்கு வந்த கோபத்தின் காரணத்தை அப்போஸ்தலர் 16 மறைக்கவில்லை: அவர்களுடைய ஆதாய நம்பிக்கை போய்விட்டது. தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள் என்று மீகா அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னமே அழுதிருக்கிறார். ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடாதீர்கள் என்று ஆதிச்சபையின் ‘திதாகே’ என்னும் போதனை நூலும் எச்சரிக்கிறது.

மார்ச் 9, சனி

எரேமியா 28. எருசலேமில் அனனியா என்னும் தீர்க்கதரிசி எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் ஆலயத்தின் பணிமுட்டுகளும் சிறைப்பட்டவர்களும் பாபிலோனிலிருந்து திரும்புவார்கள் என்றான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். எரேமியா முதலில் "ஆமென்" என்றே சொன்னார் என்பது ஒவ்வொரு முறையும் என்னைத் தொடுகிறது. அந்த இனிய செய்தி மெய்யாகட்டும் என்று அவரும் ஏங்கினார். ஆனால் கர்த்தரிடமிருந்து வந்த வார்த்தை பாபிலோனில் எழுபது வருஷம் என்றது. ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள் என்று அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதினார். இரண்டே வருஷம் என்று நம்பியிருந்தவன் எந்த விதையை ஊன்றியிருப்பான்? "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்னும் 29:11-ஐ நாம் மனப்பாடமாகச் சொல்லுகிறோம். எழுபது வருஷம் என்கிற முந்தின வசனத்தை விட்டுவிடுகிறோம்.

கிறிஸ்துவின் வருகைக்கே நாள் குறித்தவர்களும் உண்டு. 1844 அக்டோபர் 22-ஐ எதிர்நோக்கியிருந்த, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்களில் சிலர் அறுவடையைக்கூட வயலிலேயே விட்டிருந்தார்கள். 2011 மே 21 என்று அறிவித்த அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங், அப்படி அறிவித்தது பாவம் என்று மறு வருஷம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். நம் சகோதரிக்கு அப்படி ஒரு வார்த்தை இதுவரை வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். உபாகமம் 18:22-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசித்தார். அப்படியானால் இனி எந்தத் தீர்க்கதரிசனத்தையும் கேட்கக்கூடாதா என்று அவருடைய கணவர் கேட்டார். அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5 இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது என்றேன். மூவரும் ஜெபித்தோம், யாரும் தேதி எதையும் கேட்கவில்லை. பழைய மருத்துவ அறிக்கைகளைத் தேடி எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறோம். நாளை காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க அவர்களோடு நானும் போகிறேன்.