ஓஸ்லோவில் ஹொய்ல் நிலையை அளக்க வருகிறவர்களுக்கு

ஹொய்ல் நிலை என்பது கார்பன்-12 அணுக்கருவின் ஒரு கிளர்நிலை. அதை அளக்க உதவும் துகள் முடுக்கி, அதாவது ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான், பிளின்டெர்ன் வளாகத்தில் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர் இங்கே மாணவர் அல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். ஆகவே வந்து இறங்கியதும் முதலில் போக வேண்டிய இடம் வரி அலுவலகம். வரி அட்டை இல்லாமல் சம்பள நாள் வந்தால் 50 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். பிறகு திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் வாடகையும் வீட்டு முன்பணமும் அதுவரை பொறுக்காது. பதினொரு இலக்க அடையாள எண் வந்த பிறகுதான் குடும்ப மருத்துவர். இதையெல்லாம் பீம் டைமுக்கு, அதாவது முடுக்கி உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நாட்களுக்கு, முன்பே முடித்துவிடுங்கள். ஷிஃப்ட் தொடங்கிவிட்டால் அலுவலக நேரத்தில் உறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இனி அளவீடு. விண்மீன்களில் மூன்று ஆல்ஃபா துகள்கள் (ஹீலியம் அணுக்கருக்கள்) சேர்ந்து கார்பன் ஆவது, கார்பன்-12இன் 7.65 மெ.எ.வோ. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) கிளர்நிலை வழியாக. பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹொய்ல் முன்கூட்டியே சொன்ன அந்த நிலை 1953இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் உறுதியானது. அது ஏறக்குறைய எப்போதும் மூன்று ஆல்ஃபாவாகவே உடைந்துவிடும். 10,000இல் சுமார் 4 மட்டும், பெரும்பாலும் காமா கதிர்களாக, ஆற்றலை உமிழ்ந்து கார்பனாக நிலைக்கும். அந்த 4ஐத்தான் அளக்கிறோம்.

மெல்லிய கார்பன் டார்கெட்டில் 10.7 மெ.எ.வோ. புரோட்டான்கள் மோதும். இந்த ஆற்றலில் ஹொய்ல் நிலை நன்றாகக் கிளரும். சிதறிய புரோட்டானைச் 'சிரி' (SiRi) என்ற சிலிக்கான் உணர்கருவி அணி பிடிக்கும். அதன் முன்னடுக்கு 130 மைக்ரான், பின்னடுக்கு 1550 மைக்ரான். ஹொய்ல் நிலையைக் கிளப்பிய புரோட்டானிடம் மிச்சமிருப்பது 3 மெ.எ.வோ.வுக்கும் குறைவு, முன்னடுக்கிலேயே நின்றுவிடும். பின்னடுக்கிலும் குறி வந்தால் அந்த நிகழ்வைத் தள்ளிவிடுங்கள். ஹொய்ல் நிலை 4.44 மெ.எ.வோ. நிலை வழியாக இறங்குவதால், அந்தப் புரோட்டானோடு 3.21, 4.44 மெ.எ.வோ. காமாக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும்.

தொல்லை இங்கேதான். 4.44 நிலை நேரடியாகவே ஏராளமாகக் கிளர்வதால், தொடர்பில்லாத துகள்கள் ஒரே நேரத்தில் பதிவாகும் தற்செயல் பொருத்தங்கள் குவியும். மின்னோட்டத்தை இரட்டித்தால் உண்மை நிகழ்வு இரு மடங்காகும், தற்செயல் நான்கு மடங்காகும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள். முடுக்கியின் கற்றை துடிப்பு துடிப்பாக வருவதால், பக்கத்துத் துடிப்புகளில் விழும் எண்ணிக்கையை எடுத்துக் கழியுங்கள்.

ஒப்பீட்டுக்கு சிலிக்கான் டை ஆக்சைடு டார்கெட். சிலிக்கான்-28இன் 4.98 நிலை 3.20, 1.78 என இரண்டு காமாக்களாக இறங்கும். இரண்டு தொடரிலும் நிலைகளின் தற்சுழற்சி 0-2-0 என்பதால், இரு காமாக்கள் புறப்படும் திசைகளுக்கிடையேயான கோணத் தொடர்பு ஒன்றே. 3.2க்கு அருகில் காமாவைப் பிடிக்கும் கருவியின் திறனும் இரண்டுக்கும் பொதுவாகி, கணக்கில் கிட்டத்தட்ட அடிபட்டுப்போகும். மீதி 1.78க்கும் 4.44க்கும் உள்ள திறன் விகிதம். அது சிமுலேஷனிலிருந்து வர வேண்டும். எங்கள் கணிப்பில் அதிக நாள் செலவழிக்கத் தகுந்த இடம் அதுதான். 2020இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவும் ஓஸ்லோவும் சேர்ந்து, சுமார் 4 என்ற பழைய மதிப்புக்குப் பதில் 10,000க்கு 6.2 என்று வெளியிட்டன. பின்வந்த அளவீடுகள் பழைய மதிப்பின் பக்கமே திரும்பின. விண்மீனில் கார்பன் விளையும் வேகம் இந்த எண்ணோடு நேராக ஏறி இறங்குவதால் இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

டிசம்பர் நடுவில் மூன்றே கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஷிஃப்டில் இருப்பவர்கள் பகலையே பார்க்காமல் போகலாம். பதினொன்றரை மணிச் சாப்பாட்டு வேளையில் வெளியே நடங்கள், மீன் எண்ணெய் குடியுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் உறைபனியில் இறங்காதீர்கள். புளியும் மிளகாய்த்தூளும் ஓஸ்லோவின் குரோன்லாந்து பகுதிக் கடைகளில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஈழத்தமிழர் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி உண்டு.

ஜூலையில் நாடே விடுமுறையில் இருக்கும். டார்கெட்டோ உதிரிப் பாகமோ வேண்டுமென்றால் ஜூன் நடுவுக்குள் ஆர்டர் போட்டுவிடுங்கள்.